'ஆன்டிக்' என்னும் சொல்

ஆங்கில பாஷையிலிருந்து நம்முடைய கடைவீதிகளுக்குள் வந்து குடியேறிவிட்ட சொற்களில் 'ஆன்டிக்' என்பதும் ஒன்று. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி ஆன்டிக்; இடிந்த வீட்டின் தேக்குத் தூண் ஆன்டிக்; கோயில் மடைப்பள்ளியிலிருந்து வெளியேறிய வெண்கல உருளி ஆன்டிக்; நகைக்கடையில் நேற்று வார்த்துக் கறுப்பேற்றிய ஆரமும் ஆன்டிக். காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் நடந்து பார்ப்பவர்கள், சுவீடன் தேசத்தில் செய்யப்பட்டு இங்கு வந்திறங்கிய எனாமல் பாத்திரங்கள்கூட இந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டு அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு சொல் இவ்வளவு பொருள்களின் தலைமேல் ஏறி உட்காரும்போது, அது எங்கே பிறந்தது, என்ன பொருளைச் சுமந்து வந்தது, நம்மிடத்தில் என்ன காரியத்தைச் செய்து வருகிறது என்று விசாரிப்பது வீண் வேலையாகாது. சொல்லை விசாரியாமல் ஏற்றுக்கொள்ளும் ஜனங்கள், அந்தச் சொல் கொண்டுவரும் மதிப்பீட்டையும் விசாரியாமல் ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

முன் நிற்பது

லத்தீன் பாஷையில் 'அன்டே' என்று ஒரு சிறு சொல் உண்டு. 'முன்' என்பது அதன் பொருள். அதிலிருந்து பிறந்தது 'அன்டீக்வுஸ்'. அதாவது முன்னே உள்ளது, முற்காலத்தது. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் அது சென்றது. கிரேக்கத்தில் 'எதிரே' என்று பொருள்படும் 'அன்டி' என்பதும், வேதமொழியில் 'அருகே, எதிரே' என்று பொருள்படும் 'அந்தி' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று மொழிநூலார் கூறுவர். மாலைப்பொழுதைக் குறிக்கும் நமது அந்தி வேறு.

தமிழரான நமக்கு இந்தப் பிறப்பு வரலாறு புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. நமது 'முன்' என்னும் சொல்லும் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே குறிக்கிறது. வீட்டின் முன் நிற்கும் வேம்பும், நமக்கு முன் வாழ்ந்த முன்னோரும் ஒரே சொல்லால் உணர்த்தப்படுகின்றனர். கழிந்து போன காலத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளாமல் முகத்துக்கு எதிரே நிறுத்திக்கொள்ளும் இந்த வழக்கு, ரோமாபுரியிலும் மதுரையிலும் ஒன்றுபோல் இருந்திருக்கிறது.

அது மட்டுமன்று. ரோமானியர் ஒரு காரியத்தை மற்றெல்லாக் காரியங்களினும் மேலாகக் கருதினால், அதனினும் 'அன்டீக்வுஸ்' ஆனது தமக்கு வேறொன்றில்லை என்று சொல்வது வழக்கம். முன்னையது என்பது முதன்மையானது என்றும் பொருள்பட்டது. நாம் 'முன்னுரிமை' என்று சொல்வதும் இவ்வழிப்பட்டதே.

அரசியலில் ஈடுபட்டுள்ள நேயர்களுக்கு ருசிக்கக்கூடிய மற்றொரு செய்தியும் உண்டு. ரோமாபுரியின் ஜனசபையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டால், அதை ஏற்பவர் ஒரு குறியும், மறுப்பவர் 'அன்டீக்வோ' என்னும் சொல்லின் முதலெழுத்தும் பலகையில் இடுவர். சட்டங்களின்மேல் இவ்விதம் இரகசியமாக வாக்களிக்கும் முறை கி.மு. 131-இல் ஏற்பட்டது. 'அன்டீக்வோ' என்றால், 'முன்பு இருந்தபடியே இருக்கட்டும்' என்று அர்த்தம். ஆகவே, இன்று அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் சொல் ஒரு காலத்தில் குடிமகனின் கையில் வாக்காக இருந்தது. அது பண்டத்தின் பெயராக இருக்கவில்லை. தீர்மானத்தின் பெயராக இருந்தது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்னும் ரோமானியப் பேரறிஞர் தமது நாட்டின் பழமைகளைப் பற்றி 41 புத்தகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை இயற்றினார். 25 புத்தகங்கள் மாந்தரைப் பற்றியவை. 16 புத்தகங்கள் தெய்வங்களைப் பற்றியவை. அந்நூல் அழிந்துவிட்டதாயினும், பிற்காலத்தவர் கூறியுள்ளவற்றிலிருந்து அதன் அமைப்பை அறிகிறோம். அதன் பெயரிலும் இந்தச் சொல்லே இருந்தது. ஆனால் அவர் பட்டியலிட்டது உடைந்த பானைகளையும் பழைய நாற்காலிகளையும் அன்று. பூசாரிகளின் கடமைகள், கோயில்கள், திருவிழாக்கள், காலக்கணக்கு ஆகியவற்றையே அவர் பழமை என்று கருதினார். பழமை என்பது பொருளில் இல்லை, அப்பொருளை வைத்து வாழ்ந்த வாழ்வில் இருக்கிறது என்பதே அன்றைய கருத்து. இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

பாதாளத்துச் சித்திரங்கள்

பின்னர் ரோம சாம்ராஜ்யம் வீழ்ந்தது. பழைய தெய்வங்களை வணங்குவார் அற்றுப் போயினர். கோயில்களின் சலவைக் கற்கள் சுண்ணாம்புக் காளவாய்களில் போட்டு எரிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அந்த இடிபாடுகளின் நடுவே வாழ்ந்த இத்தாலியர் மண்ணுக்குள் கிடந்தவற்றை வியப்போடு நோக்கத் தொடங்கினர். 1480-ஆம் ஆண்டையொட்டி, ரோமாபுரியில் நிலத்தின் அடியில் புதைந்து கிடந்த நீரோ சக்கரவர்த்தியின் பொன்மாளிகைக்குள் வழி கிடைத்தது. சித்திரக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கித் தீவட்டி வெளிச்சத்தில் சுவர்களைப் பார்த்தார்கள். மனிதத் தலையும் கொடியுடலும் கொண்ட உருவங்கள், பாதி விலங்கு பாதி மலரான விசித்திரங்கள் அங்கே தீட்டப்பட்டிருந்தன. அவற்றை 'அன்டீகோ' என்றனர். குகை போன்ற இடத்தில் கிடைத்தமையால் 'குரொட்டெஸ்கோ' என்றும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் கோமாளிச் சேஷ்டையைக் குறிக்கும் 'ஆன்டிக்ஸ்' என்னும் சொல்லும், கோரத்தைக் குறிக்கும் 'குரொடெஸ்க்' என்னும் சொல்லும் இப்பாதாளத்திலிருந்து ஏறி வந்தவையே. பழமையும் பைத்தியக்காரத்தனமும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகளான விந்தை இது.

1506-இல் லாவோக்கோன் சிலை ரோமாபுரித் திராட்சைத் தோட்டம் ஒன்றில் அகப்பட்டது. 1515-இல் போப் பத்தாம் லியோ, ஓவிய மேதையான ரபேலை எழுத்துப் பொறித்த பழைய கற்களைக் காக்கும் அதிகாரியாக நியமித்தார். அதன்பின் ஐரோப்பிய அறிஞர் 'ஆன்டிக்' என்று பொதுவாகச் சொன்னால், கிரேக்கருடையவும் ரோமருடையவும் ஆன கலைப்பொருள் என்றே கொள்ளப்பட்டது. வேறு தேசத்தாரின் பழம்பொருள்கள் வெறும் 'கியூரியோ' ஆயின. இது 'கியூரியாசிடி' என்பதன் குறுக்கம். விநோதப் பொருள் என்று பொருள். இச்சொல்லின் வேரும் லத்தீனில் 'கூரா' என்பது. அதற்குக் கவனம், பராமரிப்பு என்று பொருள். பராமரிப்பிலே பிறந்த சொல் வேடிக்கைப் பொருளுக்குப் பெயராய் முடிந்தது!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் வியாழ தேவனின் சிலையைத் தோண்டியெடுத்த ரோமாபுரிவாசி எவனும் அச்சிலைக்கு விளக்கேற்றவில்லை. அவனுக்கு அது அழகிய கல், அறிவுக்குரிய சான்று, பிரபுவின் தோட்டத்துக்கு அலங்காரம். வழிபட்டோர் மாண்டபின் எஞ்சியதற்கு இடப்பட்ட பெயர் அது. வேறுவிதமாகச் சொன்னால், 'ஆன்டிக்' என்பது ஒரு பொருளின் வயதைக் காட்டும் சீட்டாக மட்டும் பிறக்கவில்லை. அப்பொருளின் வாழ்வு முடிந்துவிட்டது என்னும் மரணப் பத்திரமாகவும் பிறந்தது. ஐரோப்பாவில் அப்பத்திரம் பெரும்பாலும் நியாயமானதே. பிற தேசங்களுக்குக் கப்பலேறி வந்தபோதுதான் தொல்லை விளைந்தது.

சுங்கச் சாவடியின் கணக்கு

எத்தனை ஆண்டு சென்றால் ஒரு பொருள் 'ஆன்டிக்' ஆகும்? நூறு ஆண்டு என்று வியாபாரிகள் ஒரே குரலாகச் சொல்லுவார்கள். இந்த நூறு எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் வந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், 1830-க்கு முன் செய்யப்பட்ட கலைப்பொருள்களை வரியின்றி இறக்குமதி செய்ய அனுமதித்தது. அன்றைய கணக்கில் அது நூறு ஆண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எல்லை பொருந்தாமற்போகவே, 1966-இல் நூறு ஆண்டுக்கு மேற்பட்டது எதுவாயினும் செல்லும் என்று திருத்தினார்கள். வியாபார உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. ரோமாபுரியின் வாக்குப்பலகையிலே தொடங்கிய சொல் சுங்கச் சாவடியில் வந்து எண்ணிக்கை பெற்றது.

நமது தேசத்திலும் நூறு என்னும் எண்ணே சட்டமாயிற்று. சுதந்திரம் வந்த 1947-ஆம் ஆண்டிலேயே பழம்பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஒன்று ஏற்பட்டது. அதற்குப் பதிலாக 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் அமலுக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள் முதலியவற்றைத் தொல்பொருள் என்கிறது. சரித்திர, இலக்கிய, சாஸ்திர மதிப்புடைய ஏட்டுச் சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும் என்கிறது. மத்திய ஸர்க்காரோ அதன் அதிகாரம் பெற்ற ஸ்தாபனமோ அன்றி வேறொருவர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. இச்சட்டம் தேவையானதென்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டத்துக்குத் தெரிவது வயது ஒன்றே. தினந்தோறும் அபிஷேகம் பெறும் திருமேனிக்கும், இடிபாட்டில் அகப்பட்ட தூண் துண்டுக்கும் அதன் கண்ணில் வேற்றுமை இல்லை.

தெய்வம் தொடுத்த வழக்கு

வேற்றுமை உண்டு என்பதை உலகறிய நிலைநாட்டியது பத்தூர் நடராஜர் வழக்கு. அன்றைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பத்தூரில், 1976-இல், கூலியாள் ஒருவர் மண்ணைத் தோண்டும்போது நடராஜர் திருமேனி அகப்பட்டது. அது கைமாறிக் கடல் கடந்து, 1982-இல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றால் விலைக்கு வாங்கப்பட்டு, லண்டனில் போலீசாரால் கைப்பற்றப்பட்டது. வாங்கியவர்களுக்கு அது ஆன்டிக். கொடுத்த பணத்துக்கு வந்த சரக்கு. இந்திய ஸர்க்காரும் தமிழ்நாட்டு ஸர்க்காரும் வழக்காடியதோடு, பத்தூர்க் கோயிலும் வழக்காளியாக நின்றது. இடிந்து, பூசை நின்று, சிவலிங்கம் மட்டும் எஞ்சியிருந்த 12-ஆம் நூற்றாண்டுக் கோயில் அது! ஹிந்து தர்ம சட்டப்படி தெய்வத்துக்குச் சொத்துரிமை உண்டென்பதை 1925-லேயே பிரிவி கௌன்சில் ஒரு வங்காள வழக்கில் ஒப்புக்கொண்டிருந்தது. லண்டன் நீதிமன்றம் 1988-இல் கோயிலின் உரிமையே மேலானது எனத் தீர்ப்பளித்தது. 1991-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டிலேயே நடராஜர் திரும்பி வந்தார்.

இத்தீர்ப்பின் உட்பொருளை நாம் எளிதாக மறந்துவிடக் கூடாது. செத்துப்போன காலத்தின் எச்சம் வழக்குத் தொடுக்குமா? உரிமை கேட்குமா? பத்தூரில் மணியடித்துப் பூசை நடக்கவில்லை. ஆயினும் கோயில் இறந்துவிடவில்லை என்றது நீதிமன்றம். மண்ணுக்குள் இருந்த திருமேனி, தன்னை ஒளித்து வைத்தவர்களின் சந்ததியாருக்காகக் காத்திருந்த பொருளேயன்றி, உடையவர் இல்லாத பழம்பொருள் ஆகாது. ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளை ஆங்கில நீதிமன்றமே திருத்திய அருமையான சம்பவம் இது.

நம்முடைய குற்றம்

ஆனால் குற்றமெல்லாம் அந்நியர்மேல் சுமத்திவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளலாமா? கூடாது. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி ஸ்தூபத்தின் சிற்பப் பலகைகள் பலவற்றைச் சுண்ணாம்புக்காகச் சுட்டவர்கள் நம்மவர்களே. வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்தவை சென்னையில் வெகு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பது நமக்கு வருத்தம். ஆனால் காளவாய்க்குத் தப்பியதற்கு யாரோ ஒருவர் கொண்ட ஆவலே காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, கோயிலில் இருந்த பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலே இட்டுவிட்டதாக அங்குள்ளவர்கள் கூறியதைத் தமது சரிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். எரித்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். பழமை என்று கும்பிட்டு, அதே பழமையைச் சாம்பலாக்கும் வித்தை நமக்குத் தெரியும்.

நம் காலத்திலும் கதை மாறவில்லை. அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து திருடப்பட்ட நடராஜரை, ஆஸ்திரேலியாவின் தலைநகரிலுள்ள தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி அதை நமது பிரதம மந்திரியிடம் நேரில் ஒப்படைத்தார். திருடன் உள்ளே நுழைந்த கதவு யார் பூட்டிய கதவு? விளக்கு எரியாத கோயிலிலேயே திருடனுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. திரும்பி வந்த திருமேனிகளில் பல இன்று கருவறைக்குப் போகவில்லை. பாதுகாப்பு மையங்களில் பூட்டிய அறைகளில் வரிசையாக நிற்கின்றன. களவுக்கு அஞ்சி அவ்விதம் வைத்திருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அந்நியன் 'ஆன்டிக்' என்று பெயர் சூட்டியதை நாம் அலமாரியில் அடைத்து உறுதிப்படுத்துகிறோம் என்பதும் மெய்யே.

முதுசொம்

சொல்லுக்கு மாற்றாகச் சொல் வேண்டும் என்போர்க்கு, நமது பாஷையில் பஞ்சம் இல்லை. ஆராய்ச்சியாளர் வழங்கும் 'தொல்பொருள்' நல்ல சொல். வீட்டிலும் ஊரிலும் வழங்குதற்கு அதைவிட உயிருள்ள சொல் ஒன்று யாழ்ப்பாணத் தமிழரிடம் இருக்கிறது. அது 'முதுசொம்' என்பது. சொம் என்றால் சொத்து. பெற்றோர் வழியாக வந்த பரம்பரைச் சொத்து முதுசொம். டச்சுக்காரர் ஆட்சியில் 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் இச்சொல் சட்டச் சொல்லாகவே நிற்கிறது. அதே 1707-ஆம் ஆண்டில் லண்டனில் பழம்பொருள் ஆர்வலர் சங்கம் தோன்றியது தற்செயலாய் நேர்ந்த பொருத்தம். அவர்கள் பழமையை ஆராய்வதற்குச் சங்கம் கண்டனர். இவர்கள் பழமையை உரிமையாக எழுதி வைத்தனர். 'ஆன்டிக்' என்றால், விலை என்ன என்று கேட்கத் தோன்றும். 'முதுசொம்' என்றால், யாருடையது, அடுத்து யாருக்கு என்று கேட்கத் தோன்றும். இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

சொல் மட்டும் போதாது, செயல் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களிலிருந்து நமது கோயில்களிலுள்ள திருமேனிகளைப் படமெடுத்து வைத்தார்கள். களவுபோன விக்கிரகங்கள் நம்முடையவை என்று அந்நிய நாடுகளில் நிரூபிப்பதற்கு அப்படங்களே பலமுறை சாட்சியாக நின்றிருக்கின்றன. 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை நமக்குத் துணை. இந்தியா 1977-இல் அதில் சேர்ந்தது. ஆனால் பொருள் நம்முடையதென்று காட்டுவதற்கு ஆதாரம் இல்லாதவனுக்கு எந்த உடன்படிக்கையும் துணை செய்யாது.

ஒவ்வோர் ஊரிலும் நான்கு பேர் கூடினால் போதும். கோயிலிலுள்ள திருமேனிகள், விளக்குகள், வாகனங்கள், செப்பேடுகள், சுவடிகள் ஆகியவற்றின் உயரம், எடை, அடையாளம், எழுத்து இவற்றைக் குறித்து, நாற்புறமும் படமெடுத்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதியை ஸர்க்காரிடத்திலும் வைக்கலாம். பூட்டிய கோயிலை ஒருவேளை விளக்குக்காவது திறக்கலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம், பேரறிஞர் வேண்டாம், சிரத்தை வேண்டும். 'கூரா' என்று லத்தீன்காரன் சொன்னானே, அந்தப் பராமரிப்பு வேண்டும்.

ரோமானியன் பழமையை வாக்குப்பலகையில் எழுதிக் காத்தான். நமது வாக்கு எந்தப் பக்கம் என்பதைக் கடைவீதியார் நமக்காகத் தீர்மானிக்கும்படி விட்டுவிடுவது, தன் வீட்டை ஏலக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விலை கேட்பதற்கு ஒப்பாகும்.